ப்ளூ ரைனோ ட்ரக்கியாஸ்டமி கிட்: ஸ்கோப் இருந்தா வாங்குங்க

கழுத்து வழியா மூச்சுக்குழாய்ல (ட்ரக்கியா) ஓட்டை போட்டு ட்யூப் வைக்கிறதுதான் ட்ரக்கியாஸ்டமி. அதுக்கான குக் கம்பெனியோட இந்த கிட்ட எங்க ஐசியூல வழக்கமா யூஸ் பண்றோம், வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்காக எழுதுறேன். தாராளமா வாங்கலாம். ஆனா ப்ராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள்ள விட்டு பாக்குற கேமரா குழாய்) இல்லாத இடத்துல பெர்குடேனியஸ், அதாவது ஊசி குத்தி அந்த ஓட்டைய விரிச்சு ட்யூப் வைக்கிற முறை, பண்ண இறங்காதீங்க, எந்த கம்பெனி கிட்டா இருந்தாலும் சரி.

சியாக்லியாங்கிற டாக்டர் 1985ல இந்த முறைய எழுதுனப்போ சின்னதுல ஆரம்பிச்சு பெருசு வரைக்கும் டைலேட்டர மாத்தி மாத்தி விட்டு ஓட்டைய அகலப்படுத்தணும், ஒவ்வொரு தடவ உள்ள போறப்பவும் ட்ரக்கியாவோட பின்சுவர்ல இடிக்க சான்ஸ் இருக்கு. ப்ளூ ரைனோல ஒரே டைலேட்டர், காண்டாமிருகக் கொம்பு மாதிரி வளைஞ்சு இருக்கும், நுனி சாஃப்ட். மேல இருக்க கோட்டிங் தண்ணில முக்குனாதான் வழுவழுன்னு ஆகும், காய்ஞ்சபடியே தள்ளுனா தோல்லயே பிடிச்சுக்கும், அப்புறம் கை பலத்த காட்டுவீங்க, ட்ரக்கியாவோட குருத்தெலும்பு ரிங் க்ராக் ஆகுறது அப்படித்தான். தோல்ல கீறல் போடுறதுலயும் கஞ்சத்தனம் வேணாம்.

ஸ்கோப் ஏன்னா, ட்ரக்கியாவோட பின்சுவர்ல குருத்தெலும்பு கிடையாது, வெறும் சவ்வுதான், அதை ஒட்டியே உணவுக்குழாய். ஊசி நுனி ரெண்டாவது மூணாவது ரிங்குக்கு நடுவுல, 12 மணி பொசிஷன்ல வருதான்னு ஸ்கோப்ல கண்ணாலயே பாத்துக்கலாம். சைடுல வந்தா உருவிட்டு மறுபடி குத்துங்க. ரொம்ப மேல போய் கிரிக்காய்டுல (ட்ரக்கியாவுக்கு மேல இருக்க குருத்தெலும்பு வளையம்) பட்டுச்சுன்னா பின்னாடி ஸ்டெனோசிஸ்னு, அதாவது மூச்சு வழி சுருங்கிப் போச்சுன்னு, வந்து நிப்பாங்க, செவாலியர் ஜாக்சன்ங்கிற அமெரிக்க தொண்டை டாக்டர் 1921லயே ஹை ட்ரக்கியாஸ்டமிய திட்டி எழுதியாச்சு, இன்னும் நடந்துட்டுதான் இருக்கு.

மைனஸ்னா விலை, ஒரு தடவையோட தூக்கிப் போடணும். சில இடத்துல ஸ்டெரிலைஸ் பண்ணி திரும்ப யூஸ் பண்றாங்களாம், கோட்டிங் போனப்புறம் அதுல என்னங்க இருக்கு? குட்டைக் கழுத்து, கழுத்துல கட்டி, ரத்தம் உறையாத பேஷண்ட்னா பேசாம இஎன்டிய கூப்பிட்டு ஓப்பனா பண்ணிடுங்க. அதுல ஸ்டே சூச்சர் (ட்ரக்கியாவுல போட்டு வெளிய விட்டு வைக்கிற நூல்) போட்டு வச்சா, ட்யூப் கழண்டாலும் நூல இழுத்து ட்ரக்கியாவ மேல கொண்டு வந்துடலாம். பெர்குடேனியஸ்ல அந்த வசதி இல்ல, அதனால முதல் வாரத்துல ட்யூப் வெளிய வந்துட்டா அதே ஓட்டைல குருட்டாம்போக்குல திணிக்காம வாய் வழியா மூச்சு ட்யூப் விட்டு இன்ட்யூபேட் பண்ணுங்க.

அப்புறம், கிட்டுக்கு செலவு பண்ற மேனேஜ்மென்ட் ட்யூப சுத்தி உள்ள ஊதுற கஃபோட அழுத்தத்த அளக்குற கஃப் ப்ரஷர் கேஜ்னா மட்டும் மூக்கால அழும். வெளிய இருக்க பலூன விரலால அமுக்கி பாத்து ஓகேன்னு சொல்றதெல்லாம் கணக்கே இல்ல, ப்ரஷர் 20ல இருந்து 30 சென்டிமீட்டர் வாட்டருக்குள்ள இருக்கணும். ஆர்டர் போடறப்பவே அதையும் சேத்து எழுதி விட்டுடுங்க.