நான் படித்த பாடசாலை: தரம் 6 அனுமதி தேடும் பெற்றோருக்கு ஒரு மதிப்பீடு

என் அக்காவின் மகள் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் பெற்றிருக்கிறாள். அவளைத் தரம் 6இல் சேர்ப்பதற்கு அக்கா முதலில் நினைத்தது, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் நான் 2002 முதல் 2010 வரை படித்த, உயர்தர விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி பாடசாலையைத்தான். "உன்னை ஆளாக்கின பள்ளிக்கூடம்தானே" என்று அவர் கேட்டபோது எனக்கு உடனே ஆம் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்று நானும் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். பிள்ளையாக இருந்தபோது புரியாத பலவற்றை, வகுப்பின் முன்னே நிற்கத் தொடங்கிய பிறகே புரிந்துகொண்டேன். அக்காவுக்குச் சொன்னவற்றை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் எழுதுகிறேன். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. நான் குறையாகச் சொல்லும் வழக்கங்கள் அந்த ஒரு மதிலுக்குள் மட்டும் உள்ளவை அல்ல.

வாசலில் தொங்கும் பதாகையைப் பார்த்தே பெற்றோரில் பலர் முடிவெடுக்கிறார்கள். உயர்தரப் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களுக்குள், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவாகக்கூடிய பிள்ளைகளின் படங்கள், பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியோடும் மாவட்ட நிலையோடும் அங்கே ஏறிவிடும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பல்கலைக்கழக அனுமதி எவ்வாறு நடக்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படியும், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 சதவீதம் கல்வி வாய்ப்பில் பின்தங்கியவையாகக் கொள்ளப்படும் 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் அடங்கும். ஆகவே மாவட்டத்துக்கென்று உள்ள மருத்துவ இடங்களை ஒவ்வோர் ஆண்டும் இங்குள்ள பிள்ளைகளுள் யாரோ சிலர் நிரப்பியே தீருவார்கள். அவர்கள் எந்தப் பாடசாலையின் இடாப்பில் இருந்தார்கள் என்பதைப் பதாகை காட்டும்; அந்தப் பாடசாலை அவர்களுக்கு என்ன கற்பித்தது என்பதைக் காட்டாது. புலமைப்பரிசில் புள்ளியைப் பார்த்து ஒரு முறையும், சாதாரண தரப் பெறுபேற்றைப் பார்த்து இன்னொரு முறையும் சுற்றுக் கிராமங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளும் பாடசாலையில், நல்ல பெறுபேறு இல்லாமற் போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும். 2002இல் என் கிராமத்துப் பாடசாலையிலிருந்து எழுவான்கரைக்குப் போன ஐந்து பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எங்களைக் கற்பித்துப் பரீட்சையில் தேற வைத்த அந்தக் கிராமத்து ஆசிரியையின் பெயர் எந்தப் பதாகையிலும் வந்ததில்லை.

2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களான எங்களுக்கு வாவியைக் கடப்பதற்கு இருந்தது, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைதான். விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டாலும், துறையில் காத்திருந்து, சோதனைச்சாவடியில் புத்தகப்பையைத் திறந்து கொட்டிக் காட்டி, அதன்பின் பேருந்து பிடித்துப் போய்ச் சேரும்போது பல நாட்களில் முதல் மணி அடித்திருக்கும். பிந்தி வந்தவர்கள் முதற் பாடவேளை முழுவதும் வாசலருகே வெயிலில் நிற்க வேண்டும். ஒரே வாரத்தில் மூன்றாம் தடவை பிந்தினால் கையில் பிரம்படி விழும். உடல் ரீதியான தண்டனையைத் தடைசெய்யும் 2005/17 இலக்கச் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு வெளியிட்ட பிறகும், 2006இல் நான் அந்த அடியை வாங்கியிருக்கிறேன். பிந்தியோர் பதிவேட்டில் பெயர், வகுப்பு, எத்தனையாம் தடவை என்ற மூன்று நிரல்கள் இருந்தன. எந்த ஊர் என்பதற்கு ஒரு நிரல் இருந்திருந்தால், அந்தப் பக்கங்களில் உள்ள பெயர்களில் அனேகமானவை வாவிக்கு மேற்கே இருந்து வந்தவை என்பது ஒரே பார்வையில் தெரிந்திருக்கும்.

அக்காவை நான் அதிகம் யோசிக்கச் சொன்னது பிரிவு பிரிக்கும் முறையைப் பற்றித்தான். தரம் 9இன் இறுதித் தவணைப் புள்ளிகளை வரிசைப்படுத்தி, முதல் நாற்பது பேரை ஏ பிரிவிலும், அடுத்த நாற்பது பேரைப் பீ பிரிவிலும் என்று ஈ பிரிவுவரை அடுக்கினார்கள். என் மாமாவின் மகளும் நானும் ஒரே வயது. ஒரே பாதையில் ஏறி, ஒரே வெயிலில் நின்றவர்கள். 2006 ஜனவரியில் நான் ஏ பிரிவுக்கும் மச்சாள் ஈ பிரிவுக்கும் போனோம். எனக்குக் கணிதம் கற்பித்தவர் நீண்ட அனுபவமுள்ள ஆசிரியர். ஒரு கணக்கை மூன்று வழிகளில் செய்து காட்டுவார். ஈ பிரிவுக்கு இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள். ஒரு தவணை முழுவதும் எவருமே வரவில்லை. அந்தப் பாடவேளைகளில் சத்தம் வெளியே கேட்காமற் பார்த்துக்கொள்வதே வகுப்புத் தலைவியின் வேலையாக இருந்தது. 2007 மார்ச்சில் படுவான்கரையில் சண்டை மூண்டு, எங்கள் குடும்பங்கள் இடம்பெயர்ந்து எழுவான்கரையில் முகாமில் தங்கியிருந்தபோது, ஏ பிரிவுக்குச் சனிக்கிழமைகளில் மீட்டல் வகுப்பு வைத்தார்கள். அதே கூடாரத்தில் எனக்குப் பக்கத்தில் படுத்தெழும்பிய மச்சாளுக்கு அப்படியொரு வகுப்பு இருக்கவில்லை.

அந்த டிசம்பரில் நடந்த சாதாரண தரப் பரீட்சையில் அவர் கணிதத்தில் சித்தியடையவில்லை. உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும் என்று சொல்லி, விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். 2008இல் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றினார், மீண்டும் தவறியது. ஊருக்குத் திரும்பிய பிறகு, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் வீட்டு விறாந்தையில் வைத்து ஏழு மாதம் அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே அவர் கண்டுபிடித்தது, மச்சாளுக்குப் பின்னம் விளங்கவில்லை என்பதை. பின்னத்தில் தடுக்கினால் விகிதமும், சதவீதமும், அட்சரகணிதமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கும். பின்னத்திலிருந்தே திரும்பத் தொடங்கி, 2009இல் மச்சாள் கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றார். ஒரு பிள்ளைக்கு எங்கே விளங்காமற் போனது என்பதை விறாந்தையில் ஒரே நாளில் கண்டுபிடிக்க முடிந்ததென்றால், தரம் 6இலிருந்து 11வரை பதினெட்டுத் தவணைப் பரீட்சை வைத்த பாடசாலை, அந்த விடைத்தாள்களை எதற்காகத் திருத்தியது? வரிசைப்படுத்துவதற்கு மட்டும்தான் என்பது என் தீர்ப்பு. நான் இப்போது விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் எனக்கு மச்சாளின் நினைவு வருகிறது. புள்ளியைக் கூட்டி எழுதிவிட்டுத் தாளை மூடக்கூடாது என்று என்னையே கடிந்துகொள்கிறேன்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது நாங்கள் தரம் 8ஐ முடித்திருந்தோம். கடற்கரைக் கிராமமான நாவலடியிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள் எங்கள் வகுப்புக்குத் திரும்பவில்லை. புதிய ஆண்டின் இடாப்பில் அவர்களுடைய பெயர்களைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். பாடவிதானத்தில் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில், அழுவதற்கு ஒரு பாடவேளைகூட எங்களுக்குத் தரப்படவில்லை. ஆசிரியர்களிலும் உறவுகளை இழந்தவர்கள் இருந்தார்கள்; அதை அறிந்தும், இதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

நன்றியோடு சொல்ல வேண்டியவையும் உண்டு. எங்கள் தமிழ் ஆசிரியை, 2006ஆம் ஆண்டுத் தமிழ்த் தினப் போட்டிக்காக வடமோடிக் கூத்தொன்றைப் பழக்கத் தீர்மானித்தார். ஏ பிரிவில் ஆள் தேடாமல், ஒவ்வொரு வகுப்பாகப் போய், "ஊரில் கூத்துக் களரி ஏறியவர்கள் யார்?" என்று கேட்டார். எழுந்து நின்றவர்களில் பெரும்பாலோர் டீ, ஈ பிரிவுகளில் இருந்த படுவான்கரைப் பையன்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரை அழைத்து வந்து சட்டம் கொடுத்தார்கள், அதாவது அவரவர் பாத்திரத்துக்குரிய பகுதியை எழுதிக் கொடுத்தார்கள். எட்டு வரிச் செய்யுளைக்கூட மனனம் செய்யத் தெரியாதவன் என்று வகுப்பில் ஏச்சு வாங்கிய ஒருவன், மூன்று கிழமைக்குள் கூத்துப் பாட்டுகளான தன்னுடைய தருவையும் விருத்தத்தையும் மட்டுமன்றி எதிரே ஆடுபவனுடையவற்றையும் மத்தளத் தாளக்கட்டோடு பாடினான். டீச்சர் அதோடு நிற்கவில்லை. அதே விருத்தங்களைக் கரும்பலகையில் எழுதி, சீரும் தளையும் எங்கே வருகின்றன என்று அந்தப் பையன்களைக் கொண்டே பிரிக்க வைத்தார். அடுத்த ஆண்டு ஈ பிரிவில் தமிழ்ப் பாடத்தில் ஒருவரும் தவறவில்லை. அந்தப் பாடசாலையில் நான் கண்ட மிகச் சிறந்த கற்பித்தல் அதுதான். வெற்றிச் சான்றிதழ் அதிபரின் அறையில் தொங்கியது. இப்படியொரு முறையால் தமிழில் முடிந்தது மற்றப் பாடங்களிலும் முடியுமா என்று ஆசிரியர் கூட்டத்தில் எவரேனும் பேசினார்களா என்று பல ஆண்டுகளுக்குப் பின் டீச்சரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

ஆய்வுகூடத்தைப் பற்றி விஞ்ஞானம் படிக்கப்போகும் பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். உயர்தரத்தில் இரசாயனவியல் செய்முறைகளை நாங்கள் கையால் செய்யவில்லை. ஆசிரியர் சொல்லச் சொல்ல, அவதானிப்பையும் முடிவையும் செய்முறைக் கொப்பியில் எழுதினோம். பியூரெட் என்னும் அளவியும் பிப்பெட் என்னும் குழாயியும் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டியிருந்தன. உடைந்தால் பொறுப்பதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்ற பயம் அவற்றை எங்களிடமிருந்து காப்பாற்றியது. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில், முதன்முதலாக, கரைசலின் செறிவை அளக்கும் நியமிப்பு ஒன்றைச் செய்ய நேர்ந்த நாளில், அளவியின் திருகை எந்தக் கையால் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கொப்பியில் பதினான்கு நியமிப்புகளை எழுதியிருந்தவள் நான். பாடத்தின் கடினமான அலகுகளோ, மாலையில் தனியார் வகுப்பில்தான் முழுமையாக நடந்தன. அங்கே கற்பித்தவர்களில் இருவர் காலையில் எங்களுக்குப் பாடசாலையில் கற்பித்தவர்களே. முகாமிலிருந்து மீண்டு வந்த குடும்பத்தில் இரண்டு பாடத்துக்கு மட்டுமே பணம் கட்ட முடிந்தது. மூன்றாவது பாடத்தில் எனக்குச் சாதாரண சித்திதான் கிடைத்தது.

பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் இல்லாததால், காலை ஐந்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தோம். மாதவிடாய் நாட்களில் பலர் பாடசாலைக்கே வரவில்லை. கடந்த வாரம் போய்ப் பார்த்தேன். இப்போது தண்ணீர் வருகிறது, கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது, துப்புரவாகவும் இருக்கிறது. இதைச் செய்தவர்கள் மனமாரப் பாராட்டப்பட வேண்டியவர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1980 முதல் பாடநூலும் 1993 முதல் சீருடைத் துணியும் இலவசமாகக் கிடைக்கின்றன. இருந்தும், அனுமதிப் படிவத்தோடு கதிரை மேசைக்கென்று ஒரு தொகையை வாய்மொழியாகக் கேட்கிறார்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 19இல் காலை ஒன்றுகூடலில் விபுலாநந்த அடிகளாரை நினைவுகூர்ந்து, கல்லடியில் சிவானந்தா வித்தியாலயத்தை அவர் தொடங்கிய வரலாற்றைச் சொல்லிக்கொடுத்த பாடசாலை இது. அடிகளார் யாருக்காகப் பாடசாலை கட்டினார் என்பதை அந்த மேடையிலிருந்தே நான் கேட்டிருக்கிறேன். ஆகையால்தான் இந்தக் குறை எனக்கு மற்றவற்றைவிடக் கூடுதலாக வலிக்கிறது.

அக்காவும் நானும் போனபோது பிரதி அதிபர் மரியாதையாக வரவேற்று, புதிய மாடிக் கட்டடத்தையும் திரை பொருத்திய வகுப்பறையையும் சுற்றிக் காட்டினார். சாதாரண தரத்தில் தவறும் பிள்ளைகளுக்காக 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் இங்கே உண்டா என்று கேட்டேன். பக்கத்துப் பாடசாலைக்கு அனுப்புவதாகச் சொன்னார். பிரிவுகள் இப்போதும் புள்ளி வரிசையில்தான் பிரிக்கப்படுகின்றனவா என்று கேட்டேன். திறமையான பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது என்பதற்காக அப்படித்தான் என்றார். கடைசியாக, இந்த ஆண்டு தரம் 10இன் கடைசிப் பிரிவுக்குக் கணிதம் கற்பிப்பவர் யார் என்று கேட்டேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த நேரசூசியின் அருகே போய், விரலை வைத்துக் கீழே இறக்கிப் பார்த்தார். கணிதத்துக்குரிய ஐந்து கட்டங்களிலும் ஆசிரியர் குறியீடு எழுதப்படவில்லை. "நியமனம் வரும், டீச்சர். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிவித்திருக்கிறோம்" என்றார். மற்ற நான்கு பிரிவுகளின் கட்டங்களும் நிரம்பியிருந்தன. அக்கா படிவத்தை நிரப்பாமலே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.