டிராம் சீட்டா, ஆடும் டயருமா?

கண்ணில் பட்ட சாமானையெல்லாம் பெயின்டோடு சேர்த்துப் படமாக்கியவர்களில் ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான ஜோடி குர்ட் ஷ்விட்டர்ஸும் ராபர்ட் ரவுஷன்பெர்க்கும். ஷ்விட்டர்ஸ் ஜெர்மனியின் ஹனோவர்க்காரர். 1919 வாக்கில் இதில் இறங்கினார். ரவுஷன்பெர்க் 1950-களில், நியூயார்க்கில்.

ஷ்விட்டர்ஸ் பொறுக்கியது பெரும்பாலும் பொடிப் பொருள்கள்: டிராம் சீட்டு, செய்தித்தாள் துண்டு, கம்பி, மரச்சில்லு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு அதற்கெல்லாம் என்ன பஞ்சம்? ஒட்டுவார், ஆணி அடிப்பார், மேலே வண்ணம் பூசுவார். தள்ளி நின்றால் வெறும் நிறக் கட்டங்கள்தான். கிட்டே போனால்தான் சீட்டிலிருக்கும் எண் தெரியும்.

ரவுஷன்பெர்க் எதையும் இப்படிக் கரையவிட மாட்டார். 1955-ல் செய்த 'படுக்கை'யைப் பாருங்கள். தலையணை, விரிப்பு, ஒட்டுத்துணிப் போர்வை எல்லாம் நிமிர்ந்து சுவரில் தொங்குகின்றன. தலைமாட்டில் பெயின்ட் வழிகிறது, பென்சில் கிறுக்கல் ஓடுகிறது. பற்பசையும் நகப்பூச்சும்கூட உண்டு. கீழே போகப் போகப் போர்வையின் கட்டங்கள் அப்படியே தெரிகின்றன. எவ்வளவு பூசினாலும் அது படுக்கைதான்.

'மோனோகிராம்' (1955–59) இன்னும் துணிச்சல். பாடம் செய்த அங்கோரா ஆடு, இடுப்பில் டயர், முகத்தில் அப்பிய வண்ணம். ஆட்டைச் சுவரில் மாட்டிய ஓவியத்தோடு சேர்த்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் ஓவியத்தையே தரையில் படுக்கப் போட்டு ஆட்டை அதன்மேல் நிறுத்தினார். முன்னோடிக்குக் கிட்டாத தீர்வு இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் பெரிய பொருள் பெரிய வம்பையும் கூட்டி வரும். 'கேன்யன்' (1959) படத்தில் இருப்பது பாடம் செய்த வெண்தலைக் கழுகு. அமெரிக்கச் சட்டப்படி அதை விற்க முடியாது. விற்கவே முடியாத படத்துக்கு வருமான வரித்துறை 6.5 கோடி டாலர் மதிப்புப் போட்டு, அதை வைத்திருந்தவரின் வாரிசுகளிடம் வரி கேட்டது! 2012-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குத் தானமாகக் கொடுத்த பிறகுதான் வழக்கு தீர்ந்தது. (ஷ்விட்டர்ஸுக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி: வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் கட்டி வளர்த்த 'மெர்ஸ்பாவ்' 1943 குண்டுவீச்சில் அழிந்தது.)

என் ஓட்டு ஷ்விட்டர்ஸுக்கே. ஆட்டைப் பார்த்த முதல் அதிர்ச்சி அடங்கியதும் என் கண் அங்கே தங்குவதில்லை. அவருடைய சின்னப் படங்களிலோ, ஒவ்வொரு முறையும் இன்னொரு துண்டுக் காகிதம் அகப்படுகிறது. 'படுக்கை' மட்டும் விதிவிலக்கு. அதில் பெயின்ட்டும் துணியும் கடைசிவரை மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கின்றன.