ஆறு வார முன்வகுப்பா, ஆண்டு முழுதும் இலவச உடன்வகுப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், கடைகளின் முன்புற நடைபாதையான அஞ்சடியில் சென்ற மாதம் என்னை நிறுத்திப் பேசியவர், எங்கள் பழைய தோட்டத்துக்காரர். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். அவர் மகளுக்குப் பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "ஏம்மா, அங்க போன பிறகு இலவசமாவே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாங்களாமே, அப்புறம் எதுக்கு முன்னாடியே இந்த ஆறு வார இங்கிலீஷ் வகுப்புக்குத் தனியா காசு கட்டணும்?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதே கேள்வி சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் என் சின்னம்மா மகளுக்கும் ஒரே மாதத்தில் வந்தது. இருவருக்கும் ஓராண்டு முதுகலைப் படிப்பு. பல்கலைக்கழகங்கள் மட்டும் வேறு. இருவரிடமும் மொத்தத்தில் 6.5, எந்தப் பிரிவிலும் 6.0-க்குக் குறையாத ஐஎல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் கேட்டார்கள். இருவருக்கும் எழுத்துப் பிரிவில் மட்டும் 5.5 வந்திருந்தது. நான் பணம் கட்டி, படிப்புக்கு முன்னால் கோடையில் நடக்கும் பிரிசெஷனல் வகுப்பில் சேர்ந்தேன். அவள் தேர்வை மீண்டும் எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொண்டு நேராகச் செப்டம்பரில் போய் இறங்கினாள். மொழி உதவிக்குப் படிப்போடு சேர்ந்து நடக்கும் இன்செஷனல் வகுப்பையே நம்பினாள். எழுத வசதியாக முதலாவதை முன்வகுப்பு என்றும் இரண்டாவதை உடன்வகுப்பு என்றும் சொல்லிக்கொள்கிறேன். ஓராண்டுப் படிப்புக்கு நான் முன்வகுப்பின் பக்கம்தான் சாய்கிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தேர்வை மீண்டும் எழுதுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரை மதிப்பெண் மட்டும் குறைந்திருந்தால் அது மலிவான வழி. கிடைத்த மதிப்பெண் இரண்டாண்டுக்குச் செல்லும். ஆனால் ஐஎல்ட்ஸ் எழுத்துத் தேர்வு என்பது ஒரு மணி நேரத்தில் 150 சொல்லில் ஒன்றும் 250 சொல்லில் ஒன்றுமாக இரண்டு துண்டுகளை எழுதுவது. முதுகலையில் கேட்கப்படுவதோ, பத்துப் பதினைந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டு, 3,000 சொல்லில் எழுதும் கட்டுரை. முன்னதில் தேறியவர் பின்னதில் தேறுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. என் தங்கை இரண்டாம் முறை எழுத்தில் 6.5 வாங்கினாள், நான் 5.5-ஓடு நின்றேன், ஆனால் முதல் பருவத்தில் அதிகம் திண்டாடியவள் அவள்தான்.

முன்வகுப்பில் என்ன நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாள் வகுப்பு, ஒரு வகுப்பில் பதினைந்து பேர், அவர்களில் பெரும்பாலோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். ஆறு வாரத்துக்குள் அவரவர் துறையில் ஒரு கட்டுரையை எழுதி, அதையே மூன்று முறை திருத்தி எழுத வேண்டும். நான் பொதுச் சுகாதாரம் படிக்கப் போனவள். தோட்டப்புறப் பெண்களிடையே நீரிழிவு என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். தமிழ்ப்பள்ளியில் செய்யுளும் மொழியணியும் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க் கட்டுரைக்குப் பெரிபஹாசா என்னும் மலாய்ப் பழமொழிகளை மனப்பாடம் செய்து வளர்ந்த கை சும்மா இருக்குமா? வருமுன் காப்பதைப் பற்றிய பழமொழி ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து முதல் வரியாக வைத்தேன். ஆசிரியை அதைக் கோடிட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் "இது யாருடைய ஆய்வு?" என்று எழுதியிருந்தார்.

அதற்கு அடுத்த பத்தியில்தான் எனக்கு உண்மையான பாடம் இருந்தது. "பவர்ட்டி காஸஸ் டயபீடிஸ்" என்று எழுதியிருந்தேன். இலக்கணத்தில் குற்றமில்லை. ஆசிரியை "காஸஸ்" என்ற சொல்லைச் சுற்றி வட்டமிட்டு, அருகில் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். வறுமையும் நீரிழிவும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் நான் படித்த கட்டுரை சொல்லியிருந்தது; வறுமைதான் காரணம் என்று அது சொல்லவே இல்லை. அதை "இஸ் அஸோஸியேட்டட் வித்" என்று மாற்றியபோது, நான் மாற்றியது ஆங்கிலத்தை அன்று, நான் படித்த விதத்தை என்பது புரிந்தது. அதன் பிறகு எந்த வினைச்சொல்லை எழுதினாலும், மூலக் கட்டுரை இவ்வளவு தூரம் சொல்லியிருக்கிறதா என்று ஒரு முறை திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. நாம் தமிழில் "எனலாம்", "தெரிகிறது", "ஆகும்" என்று வினைமுற்றிலேயே காட்டிவிடும் உறுதியின் அளவை, ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களைத் தேடிப் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. இதை மதிப்பெண் கணக்கில் ஏறாத ஒரு கட்டுரையில், ஜூலை மாதத்தில், அவமானம் இல்லாமல் கற்றுக்கொண்டேன்.

மதிப்பெண் கணக்கில் ஏறாத கட்டுரை என்பதுதான் என் முடிவுக்கு அச்சாணி. அதனால் நாட்காட்டியை வைத்தே கணக்குப் பார்ப்போம். பிரிட்டனில் முதுகலை வகுப்பு செப்டம்பர் இறுதியில் தொடங்குகிறது. முதல் பருவம் பத்து, பன்னிரண்டு வாரத்தில், டிசம்பர் நடுவில் முடிந்துவிடுகிறது. முதல் பெரிய கட்டுரைகளைப் பெரும்பாலும் ஜனவரியில் கொடுக்க வேண்டும். ஆசிரியர்கள் திருத்தித் தர மூன்று வாரம் ஆகும். ஆகவே உங்கள் எழுத்தில் எது குறை என்று உங்கள் துறை ஆசிரியரே எழுதிய குறிப்பு உங்கள் கைக்கு வரும்போது பிப்ரவரி ஆகிவிடும். இரண்டாம் பருவத்தின் பாடங்கள் அதற்குள் பாதி வழியில் இருக்கும். அடுத்த கட்டுரைகள் மே மாதத்தில். அதற்குப் பிறகு ஆய்வேடு. முதுகலையின் 180 கிரெடிட்டில் பொதுவாக 60 ஆய்வேட்டுக்கே போய்விடுகிறது. அதாவது, தவறு செய்து, திருத்தம் பெற்று, திருத்திக்கொண்டு எழுதிக் காட்டக் கிடைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றே ஒன்றுதான். உடன்வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும், இந்த நாட்காட்டியை அதனால் நீட்ட முடியாது.

அதோடு, இலவசமாகக் கிடைக்கும் அந்த உதவியைப் பெறுவதற்கும் நேரம் வேண்டும். என் தங்கையின் பல்கலைக்கழகத்தில் உடன்வகுப்பு வாரத்தில் ஒரு நாள் மாலை இரண்டு மணி நேரம் நடந்தது. எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவானது. மூன்றாம் வாரத்திலேயே அது அவளுடைய கலந்துரையாடல் வகுப்போடு மோதியது. எஞ்சியது நூலகத்தில் ஆசிரியரோடு தனியாக அமரும் அரை மணி நேரச் சந்திப்பு. அதற்குத் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதிவு திறக்கும். டிசம்பரில் சில நிமிடங்களில் நிரம்பிவிடும். ஒரு வழியாக இடம் பிடித்துப் போனபோது, கொண்டுபோன கட்டுரையின் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. பிழை திருத்திக் கொடுப்பது அவர்கள் வேலை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமும்கூட. ஆனால் ஊரிலிருந்து போகிறவர்கள் அங்கே பிழை திருத்திக் கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் போகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் பக்கத்தைக் கொஞ்சம் பலவீனமாக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிப்ரவரியில் அவளுக்குக் கிடைத்த ஓர் அரை மணி நேரம், என் ஆறு வாரத்தில் எந்த ஒரு வகுப்பையும்விடப் பயனுள்ளதாக இருந்தது. 54 மதிப்பெண்ணோடு திரும்பிய கட்டுரையை எடுத்துக்கொண்டு போனாள். 50-தான் தேர்ச்சிக் கோடு என்பதால் தப்பித்திருந்தாள். எஸ்.பி.எம். என்னும் நம் பள்ளி இறுதித் தேர்வில் ஏ வாங்கியவளுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டதாம். ஆசிரியர் இலக்கணத்தைத் தொடவே இல்லை. ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியத்தையும் படிக்கச் சொன்னார். பிறகு முதல் வாக்கியத்தைப் படிக்கச் சொன்னார். அவள் சொல்ல வந்த கருத்து எல்லாப் பத்தியிலும் கடைசி வரியில்தான் இருந்தது. எடுத்துக்காட்டுகளை அடுக்கி, விளக்கி, முடிவில் கருத்தை அவிழ்ப்பதுதான் அவள் அறிந்த முறை. அன்று இரவு அடுத்த கட்டுரையின் வரைவை எடுத்து, பத்தி பத்தியாகக் கடைசி வாக்கியத்தை முதலில் கொண்டுபோய் வைத்தாள். அந்தக் கட்டுரைக்கு 63 வந்தது. சொந்தக் கட்டுரை கையில் இருக்கும்போது கிடைக்கும் ஆலோசனைக்கு உள்ள வலிமை, முன்வகுப்பின் பொதுப் பாடத்துக்குக் கிடையாது. அந்த ஆலோசனை அவளுக்கு நவம்பரில் கிடைத்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் வாதம்.

இன்னொன்று: முன்வகுப்பில் சேர்ந்தவருக்கு உடன்வகுப்பு மூடப்படுவதில்லை. நானும் அந்த அரை மணி நேரச் சந்திப்புகளுக்குப் போனேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போனதால், "என் கட்டுரை சரியா?" என்று கேட்டு நேரத்தை வீணாக்காமல், "இந்த இரண்டு ஆய்வுகளின் முரண்பாட்டை நான் சரியாக எடுத்துக்காட்டியிருக்கிறேனா?" என்று கேட்க முடிந்தது.

முன்வகுப்பின் குறைகளும் சிறியவை அல்ல. கட்டணம் எனக்கு 2,000 பவுண்டைத் தாண்டியது. ரிங்கிட்டில் பத்தாயிரத்துக்கு மேல். அறை வாடகையும் சாப்பாடும் தனி. அப்பா தோட்டத்து வேலையை விட்டபோது எடுத்த இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தில் ஒரு பகுதி அதற்குப் போனது என்பதால், அந்த எண்ணை நான் மறப்பதில்லை. கேட்டல், பேசுதல் வகுப்புகள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தேவைப்படா. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடையில் இரண்டும் என்று வளர்ந்தவர்களுக்கு இன்னொரு மொழியில் வாய் திறக்கப் பயமில்லை. அந்த நேரங்களில் நான் பெரும்பாலும் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும்விடப் பெரியது, முடிவில் வரும் மதிப்பீடு. மொழி நிபந்தனையோடு இடம் பெற்றவர் அதில் தேறாவிட்டால் முதுகலைக்குள் நுழைய முடியாது. எங்கள் வகுப்பில் ஒருவர் அப்படித் திரும்பிப் போனார். கட்டணம் கட்டியதாலேயே கதவு திறந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சேர நினைப்பவர்கள் இரண்டு, மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். முன்வகுப்புக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் விசாவுக்கென்று நடத்தப்படும் யூ.கே.வி.ஐ. வகை ஐஎல்ட்ஸ்தான் கேட்கிறார்கள். சாதாரண ஐஎல்ட்ஸ் எழுதிவிட்டு, பிறகு மறுபடியும் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தைப் படித்த பிறகே தேர்வுக்குப் பதியவும். வகுப்பு பாலியாப் என்ற அமைப்பின் ஏற்பைப் பெற்றதா என்று கேட்கலாம். பல்கலைக்கழக ஆங்கிலம் கற்பிப்போருக்கான பிரிட்டிஷ் அமைப்பு அது. வீட்டிலிருந்தே இணையம் வழி முன்வகுப்பு எடுக்கும் வசதியைச் சில பல்கலைக்கழகங்கள் தருகின்றன. வாடகை மிச்சம், கோடையில் அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை நான்கு என்பதால் தூக்கமும் கெடாது. நான் அதில் படித்ததில்லை. மழை பெய்தால் இணையம் அறுந்துபோகும் எங்கள் பக்கத்து வீடுகளை நினைத்தால் சற்றுத் தயக்கமாக இருக்கிறது.

எந்த வழியில் போனாலும், காசில்லாமல் இங்கிருந்தே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மோர்லி தொகுத்த அகாடமிக் ஃபிரேஸ்பேங்க் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கருத்து வேறுபாட்டை எப்படிச் சொல்வது, எவ்வளவு உறுதியோடு சொல்வது என்பதற்கெல்லாம் மாதிரித் தொடர்கள் அதில் உள்ளன. நியூசிலாந்தின் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்வித்துறை ஆங்கிலத்தின் 570 சொற்குடும்பங்களின் பட்டியலும் அப்படியே. இரண்டையும் நான் முன்வகுப்பில்தான் அறிந்தேன். முன்பே தெரிந்திருந்தால் ஒரு வாரத்துப் பாடம் மிச்சமாகியிருக்கும்.

மேலே எழுதியதெல்லாம் ஓராண்டு முதுகலைக்குப் பொருந்துவது. ஆஸ்திரேலியாவில் மொழி வகுப்பையும் பட்டப்படிப்பையும் ஒரே பொதியாகத் தருவதாக அங்கே படித்தவர்கள் சொல்லக் கேட்டதுதான். அதை எடைபோட எனக்கு அனுபவம் போதாது.

லாரி அண்ணனைப் பிறகு அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தேன். மகளின் அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மூன்றாண்டுப் பொறியியல் இளங்கலை. மொழி நிபந்தனையை அவள் ஏற்கெனவே நிறைவு செய்திருந்தாள். ஆறு வார வகுப்பைப் பல்கலைக்கழகம் பரிந்துரைத்திருந்ததே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களில் இளங்கலை முதலாண்டு மதிப்பெண் இறுதித் தரத்தில் சேர்க்கப்படுவதில்லை, தேறினால் போதும். இங்கேயும் அப்படித்தானா என்று மகளை எழுதிக் கேட்கச் சொன்னேன். ஆம் என்று பதில் வந்தது. எனக்கு அந்த ஆறு வாரம் தந்த, தவறு செய்தாலும் நட்டமில்லாத இடத்தை, அவளுக்கு ஓர் ஆண்டு முழுக்க இலவசமாகவே தருகிறார்கள். பணத்தைக் கட்ட வேண்டாம் அண்ணே என்று சொல்லிவிட்டு, மகளிடம், முதல் வாரத்திலேயே உடன்வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிடு, அரை மணி நேரச் சந்திப்பை டிசம்பர் வரை காத்திராமல் அக்டோபரிலேயே பதிந்துகொள் என்றேன். அவள் கைப்பேசியை எடுத்து, அக்டோபர் முதல் திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு அலாரம் வைத்தாள்.