ஒரே ஆட்-ஆனுக்கு இரண்டு முறை காசு கொடுத்தேன்

பிளெண்டரில் முப்பரிமாண மாடல் செய்வது என் அன்றாட வேலை. மென்பொருள் இலவசம், என் காசெல்லாம் அதில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் ஆட்-ஆன்களுக்குத்தான் போகிறது. அதில் ஒன்றை பிளெண்டர் 2.79 வெர்ஷன் காலத்தில் வாங்கினேன். மாடலின் மேற்பரப்பில் புதுக் கட்டங்களை இழுத்து வரையும் கருவி. இன்றும் அது இல்லாமல் என் வேலை ஓடாது. கருவியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

2019 ஜூலையில் 2.80 வந்ததும் பழைய ஆட்-ஆன் ஏற மறுத்தது. டெவலப்பர் புது வெர்ஷனுக்குத் தனி விலை வைத்திருந்தார். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குப் பாதி. எனக்கு வந்ததே கோபம். அதே பட்டன், அதே வேலை, எதற்கு மறுபடி காசு? காட்டமாக ஒரு மெயில் எழுதி, அனுப்பாமல் வைத்துவிட்டு, ஆட்-ஆன்களை எழுதும் பைத்தான் மொழிதான் ஓரளவு தெரியுமே, நாமே சரிசெய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் நாள் மாலை அணிகளின் (மேட்ரிக்ஸ்) பெருக்கல். 2.79-இல் நட்சத்திரக் குறி, 2.80-இல் @ குறி. மொத்தமாகத் தேடி மாற்றவும் முடியாது. சாதாரண எண்களைப் பெருக்கும் இடத்தில் நட்சத்திரம் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நிரலின் கிளாஸ் என்ற தொகுதிக்குள் ப்ராபர்ட்டிகளை, அதாவது அதன் அமைப்புகளை, அறிவிக்கும் இடத்தில் சமக்குறி போய் முக்காற்புள்ளி வந்திருந்தது. இரண்டாம் நாள் பேனல் தெரிந்தது, அப்பாடா என்றிருந்தது. பட்டனை அழுத்தினால் திரையில் ஒரு கோடுகூட விழவில்லை. புள்ளி புள்ளியாகச் சொல்லித் திரையில் வரையும் பழைய ஓபன்ஜிஎல் கிராபிக்ஸ் கட்டளைகளையே எடுத்துவிட்டிருந்தார்கள். வரையும் பகுதி முழுவதையும் ஷேடர் (கிராபிக்ஸ் கார்டில் ஓடும் சிறு நிரல்) வைத்துப் புதிதாக எழுத வேண்டும். மூன்றாம் நாள் மெயிலை அழித்துவிட்டுப் பணம் கட்டினேன். அந்த மாலைகளில் என் சொந்த வேலையைப் பார்த்திருந்தால் அதைவிட அதிகமாகவே சம்பாதித்திருப்பேன்.

இது ஒரு தடவையோடு முடிகிற விஷயமும் இல்லை. 2023 நவம்பரில் 4.0 வந்தபோது, மாடலின் நிறம், பளபளப்பை அமைக்கும் பிரின்சிபில்டு ஷேடரின் பல இணைப்புகளுக்குப் பெயர் மாறியது. ‘எமிஷன்’ என்பது ‘எமிஷன் கலர்’ ஆனது. பழைய பெயரைச் சொல்லித் தேடிய ஆட்-ஆன்கள் அங்கேயே படுத்துவிட்டன. ஒரு சொல்லை மாற்றினால் போதும்தான், ஆனால் பழைய வெர்ஷனில் இருப்பவர்களுக்கும் ஓட வேண்டுமே! நீண்டகால ஆதரவு வெர்ஷன்கள் இரண்டு வருடம் நிற்கும். புதியது, பழையது, விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று எல்லாவற்றிலும் சோதித்தாக வேண்டும். புது வசதி ஒன்றும் சேர்க்காமலேயே செலவு ஓடிக்கொண்டிருக்கும். அப்புறம் மெயில்கள். அவிழ்க்காமல் ஏற்ற வேண்டிய ஜிப் கோப்பை அவிழ்த்துவிட்டு ‘ஆட்-ஆன் ஏறவில்லை’ என்று எழுதுகிறவர்களுக்கும் பதில் போட வேண்டும். (நானும் எழுதியிருக்கிறேன். மேக்கின் சஃபாரி உலாவி தானாக அவிழ்த்துவிட்டது எனக்குத் தெரியாது.)

இன்னொன்று, பிளெண்டர் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வருவது. அதன் ஏபிஐயை (வெளி நிரல்கள் பிளெண்டரோடு பேசும் வழி) பயன்படுத்தி வெளியிடும் ஆட்-ஆன் நிரலும் அதற்கு ஒத்த உரிமத்தில்தான் இருக்க வேண்டும். விற்கத் தடையில்லை, ஆனால் வாங்கியவர் அந்த நிரலை ஊருக்கெல்லாம் சும்மா கொடுத்தாலும் விற்றவர் கேட்க முடியாது. ஆக, நிரலுக்காக அல்ல, அடுத்த வெர்ஷனிலும் அது ஓட வேண்டும் என்பதற்காகத்தான் நான் பணம் கட்டுகிறேன்.

அதனால் இப்போது வாங்கும் முன் விலையைவிட அப்டேட் தேதிகளை முதலில் பார்க்கிறேன். ‘வாழ்நாள் அப்டேட்’ என்று மலிவாகக் கிடைத்த வேறொரு ஆட்-ஆனை ஆசைப்பட்டு வாங்கினேன், இரண்டே வருடத்தில் டெவலப்பர் காணாமல் போனார். யாருடைய வாழ்நாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். வேறு மென்பொருள் ஒன்றுக்கு மாதச் சந்தாவில் ஒரு செருகுநிரல் வைத்திருந்தேன். சந்தாவை நிறுத்தியதும் என் பழைய கோப்புகளையே திருத்த முடியவில்லை. அந்த மாதிரி ஏற்பாட்டுக்கு இனி சல்லிக்காசு தர மாட்டேன்.

கட்டக் கருவிக்காரர் இப்போது வைத்திருக்கும் முறை எனக்குச் சரியாகப் படுகிறது. விலையோடு ஒரு வருட அப்டேட். அதன் பிறகு கையில் இருப்பது தொடர்ந்து ஓடும், வேண்டுமானால் புதுப்பிக்கலாம். ஒரே குறை, ஒரு வருடம் விட்டுவிட்டால் புதுப்பிக்க முழு விலை கேட்கிறார். மெயிலில் கேட்டேன். ‘இடையில் செய்த வேலைக்கும் சேர்த்துத்தானே’ என்று பதில் வந்தது. எனக்கு முழுச் சம்மதமில்லை. இந்த வருடம் புதுப்பிக்காமல் 4.2-இலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன், நடக்கிற ப்ராஜெக்ட் முடியும்வரை வெர்ஷன் மாற்றுவதாக இல்லை.