கம்பூட்ஸ் வாங்கினால் பில்லில் ‘ரப்பர்’ என்று எழுதச் சொல்லுங்கள்

ஈரோட்டில் பம்புசெட் சாமான்களும் விவசாயக் கருவிகளும் விற்கும் ஒரு கடையில், “சுத்த ரப்பர் அண்ணா, மூன்று வருடத்துக்கு அசையாது” என்று சொல்லி 1,150 ரூபாய்க்கு ஒரு ஜோடி கம்பூட்ஸை என் தலையில் கட்டினார்கள். வைகாசியில் நட்ட மஞ்சளுக்கு மண் அணைப்பதற்குள் இரண்டு பூட்ஸும் கணுக்கால் மடிப்பில் வெடித்துவிட்டன.

எங்களுடையது காலிங்கராயன் வாய்க்கால் பாசனம். சாயக் கழிவும் தோல் கழிவும் கலக்கிறது என்று எத்தனையோ ஆண்டுகளாகப் பேசப்படும் தண்ணீர் அது. மடையில் வெறுங்காலோடு நிற்கக் கூடாது என்றுதான் பூட்ஸ் வாங்குகிறோம். வரப்பில் விரியன் பயம் வேறு. உரம் வைத்துத் தண்ணீர் கட்டிய அன்று வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்; செருப்புக்கூடப் போட முடியவில்லை.

கடையில் கொண்டுபோய்க் காட்டினால், “உரத்தண்ணீரில் நின்றால் இப்படித்தான் ஆகும்” என்றார். விவசாயிக்கு விற்ற பூட்ஸ் உரத்தண்ணீரில் நிற்காமல் கல்யாண மண்டபத்திலா நிற்கும்? பிறகு பில்லைத் திருப்பி, ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியைக் காட்டினார். பில்லில் ‘பூட்ஸ் 1 ஜோடி’ என்று மட்டுமே இருந்தது. ரப்பர் என்ற வார்த்தை வாயோடு போயிற்று.

வேதியியல் படிக்கும் தங்கை மகன், வெடித்த இடத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டினான். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி அதன்மேல் தொட்டு, மறுபடி தீயில் காட்டினான். சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருந்தால் அப்படி எரியும். இயற்கை ரப்பரில் அது கிடையாது. ஆக, என் காலில் இருந்தது இயற்கை ரப்பர் அல்ல; அநேகமாகப் பிவிசி பிளாஸ்டிக். (அந்தப் புகை நல்லதல்ல; வீட்டுக்குள் செய்து பார்க்காதீர்கள்.)

பிவிசியே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கட்டுத்தரை கழுவ நல்ல பிவிசி பூட்ஸ் போதும். சாணம், கோமியத்துக்கு அது தாங்கும், விலையும் பாதிகூட இருக்காது. ஆனால் பழைய பிளாஸ்டிக்கை உருக்கி, சுண்ணாம்புத் தூளைத் தாராளமாகச் சேர்த்து வார்த்தது நாள்பட மடிப்பில் வெடிக்கும். கடையிலேயே கணுக்கால் பகுதியை அழுத்தி மடித்துப் பாருங்கள். மடித்த கோடு வெள்ளையாக வெளுத்தாலோ, விட்டதும் பழைய நிலைக்கு வராமல் விறைத்து நின்றாலோ வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ரப்பர் பூட்ஸின் மேலே வெள்ளையாகப் பூத்திருப்பது வேறு சங்கதி. துடைத்தால் போய்விடும், அது குறையல்ல.

முத்திரையையும் பாருங்கள். ரப்பர் பூட்ஸுக்கான தர எண் ஐஎஸ் 5557. பிவிசிக்கு ஐஎஸ் 12254. ஐஎஸ்ஐ முத்திரையின் மேலே இந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். எனக்கு விற்ற பூட்ஸில் முத்திரை போல ஒன்று இருந்தது, மேலேயும் எண் இல்லை, கீழேயும் இல்லை. உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடையது என்று கடையில் நின்றபடியே தெரிந்துவிடும்.

அளவு விஷயத்திலும் அந்தக் கடையில் அவசரப்படுத்தினார்கள். சாயங்காலம் போங்கள், நாளெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. பருத்திக் காலுறையைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். விரல் நுனியில் கொஞ்சம் இடம் வேண்டும், ஆனால் நடக்கும்போது குதிகால் தூக்கக் கூடாது. தூக்கினால் சேறு பூட்ஸைப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும். கெண்டைக்கால் பருத்தவர்கள் மேல்வாயின் சுற்றளவையும் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தில் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருந்தால்தான் நம் களிமண் ஒட்டாமல் உதிரும்.

திரும்பப் பெறமாட்டோம் என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பிவிடலாம் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். ஆகவே பில்லில் ‘இயற்கை ரப்பர்’ என்று பொருளின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அதன் பிறகு கடைக்காரர் போன் செய்து, பாதிப் பணம் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்கிறார். முழுத் தொகையும் வர வேண்டும், இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன் என்று சொல்லிவிட்டேன். வெடித்த ஜோடியையும் பில்லையும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.