5 வருஷம் ஓட்டுன 3 டன் லோரி: எஞ்சின் தங்கம், ஏர்கோன் சனியன்

நேத்து சாயங்காலம்தான் பிறையில வொர்க்‌ஷாப்புல இருந்து லோரிய எடுத்துட்டு வந்தேன். ஏர்கோன் வேலை, மூணாவது தடவை, 680 வெள்ளி. அந்த நேரம் பாத்து கூட்டாளி ஒருத்தன் மெசேஜ் போடுறான், "டேய், உன்னுது மாதிரியே ஒரு செகண்ட் ஹேண்ட் 3 டன் பாத்து வச்சிருக்கேன், எடுக்கவா? எண்ணெ காசு போக மாசம் எவ்ளோ மிஞ்சும்?"னு. வாய்ஸ் மெசேஜ்ல திட்ட ஆரம்பிச்சேன், 4 நிமிஷம் ஓடிருச்சி, அதான் எழுதியே போட்டுடலாம்னு.

லோரி எந்த பிராண்ட்னு சொல்லல, ரோட்டுல பாதி லோரி அதான். 2020-ல கைமாறி வாங்குனேன், இப்ப வரைக்கும் எஞ்சின் தொறந்ததே இல்ல. கிளட்ச் பிளேட் ஒரு தடவ, பிரேக் லைனிங் தேஞ்சப்போலாம், அவ்ளோதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வண்டி சோதனைக்கு புஸ்பகோம் கொண்டு போறப்போ வயித்த கலக்கும், ஆனா இது வரைக்கும் ஒரே ஒரு தடவதான் ஃபெயில், அதுவும் பின்னால லைட்டு எரியலன்னு. இந்த விஷயத்துல குறை சொன்னா எனக்கு சோறு கெடைக்காது.

இப்ப கணக்குக்கு வர்றேன். என் டாஷ்போர்டுல ஒரு 555 புக், சின்ன கணக்கு நோட்டு, கெடக்கும், டிரிப் முடிஞ்சா வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி எழுதிடுவேன். பட்டர்வொர்த்ல ஏத்தி ஷா ஆலாம் போய் திரும்புனா ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லிட்டருக்கு 7 கிடைச்சா 100 லிட்டர். ஃபிளீட் கார்டுல, அதான் சரக்கு லோரிக்கு மானிய டீசல் போடுற கார்டுல, லிட்டரு 2.15 வெள்ளி, அப்ப 215. 2024 ஜூன் 10-ல டீசல் ஒரே ராத்திரியில 3.35 ஆனது ஞாபகம் இருக்கும், எனக்கு கார்டு கைக்கு வர லேட்டாச்சி, அந்த சில வாரம் அதே 100 லிட்டருக்கு 335. 120 வெள்ளி கூட, சாமான் ஏத்த சொல்ற தவுக்கே, அதான் முதலாளி, கிட்ட வாடகை ஏத்தி கேட்டா "எல்லாருக்கும்தானே ஏறிருக்கு"ன்னு சிரிக்கிறாரு. கார்டு வந்தாலும் மாசத்துக்கு இவ்ளோ லிட்டருன்னு கோட்டா இருக்கு, அது முடிஞ்சா பெட்ரோல் பங்குல என்ன வெலையோ அதான்.

வாடகை 750-ன்னு வச்சிக்கோ. எண்ணெ 215, டோல் போக வர நூத்துக்கு மேல, கூட வர்ற உதவியாளு கெலிண்டானுக்கு 80, சாப்பாடு 40. கைல 280 கிட்ட நிக்கும். பாத்தா நல்லாதான் இருக்கு. ஆனா லோரி பேங்க் காசு, இன்சூரன்ஸ், டயரு எல்லாம் அந்த 280-ல இருந்துதான் போகணும். உண்மைய சொன்னா, போற வழியில லாபமே கிடையாது. திரும்பி வர்றப்ப ஷா ஆலாம்ல இருந்து டைல்ஸோ என்னவோ ஒரு 400 வெள்ளி சாமான் கெடைச்சா அதான் நம்ம சம்பளம். காலியா வந்தா ஹைவேல வண்டி நிப்பாட்டி ஓய்வெடுக்குற தாப்பா ஆர் அண்ட் ஆர்ல தே தாரே குடிச்சிட்டு வானத்த பாத்துட்டு வர வேண்டியதுதான்.

அந்த ரிட்டன் சாமான் ஏன் கைவிட்டு போகும்னா, இறக்குற எடத்துல காக்க வைக்கிறதுனால. காலைல 8 மணிக்கு குடோன் வாசல்ல நிப்பேன், ஃபோர்க்லிஃப்ட் ஆளு 12-க்கு வருவான், அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு சென் தர மாட்டாங்க. இங்கதான் நம்ம ஏர்கோன் கதை. ஓடுறப்ப ஐஸ் மாதிரி குளுரும். நிப்பாட்டி ஐடில்ல விட்டா வெறும் காத்து, அதுவும் சூடா! கேஸ் போட்டாச்சி, கம்ப்ரஸர் மாத்தியாச்சி, இப்ப கூலிங் காயில். ஃபோர்மேன் "இது இப்படித்தான் அண்ணே"ங்கிறான், அத மொதல் தடவையே சொல்லிருக்கலாம்ல?

ஒரு நாள் கடுப்புல டெஸ்ட் பண்ணேன். குடோனுக்கு எதிர்ல இருக்குற பங்குல மூடி வரைக்கும் எண்ணெ அடிச்சேன், நாலு மணி நேரம் எஞ்சின ஓட விட்டேன், திரும்ப போய் அடிச்சேன். 5.2 லிட்டரு. 11 வெள்ளி சொச்சம். கெலிண்டான் பய "இதுக்கா அண்ணே இவ்ளோ கோவம்"னு கேட்டான். மாசம் 12 தடவ காத்திருந்தா 130 வெள்ளி ஆச்சா, ஒரு செலுப் டயரு, அதான் ரீட்ரெட் பண்ண டயரு, காசுடா அது! அதுவும் குளுந்துருந்தா பரவால்ல, வேத்து வழிய வழிய எரிச்ச எண்ணெ.

80-லயே மெதுவா போனா லிட்டருக்கு 7-க்கு மேல வருது, 100 அடிச்சா 6. அதெல்லாம் பெருசா சொல்ல ஒன்னும் இல்ல, எல்லா டிரைவருக்கும் தெரியும்.

முடிவு என்னன்னு கேட்டா, எஞ்சின் தங்கம், ஸ்பேர் பார்ட்ஸ் எந்த பட்டணத்துலயும் கெடைக்கும், எண்ணெ குடிக்காது. ஆனா நீ வாங்காத. ரிட்டன் சாமான் தர்ற ஏஜெண்ட் ரெண்டு பேராவது கைல இல்லாம லோரி வாங்குறவன் பேங்குக்குத்தான் டிரைவரா ஓட்டுவான்.

போன வாரம் ஜூரு பக்கம் ஒரு டீலரு என் லோரிக்கு நல்ல வெல சொன்னான், தரலன்னுட்டேன். 35 வெள்ளிக்கு ஒரு 24 வோல்ட் காத்தாடி வாங்கி ஸ்டியரிங் பக்கம் மாட்டிருக்கேன், நாளைக்கு காலைல 4 மணிக்கு ஷா ஆலாம், அது எப்படின்னு வந்து சொல்றேன்.