தோலைப் பார்த்தேன், தையலைப் பார்க்கவில்லை: இரண்டு மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுகள்

என் முதல் தோல் ஜாக்கெட்டை மூக்கை நம்பித்தான் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் எழுந்த வாசனையும், கையில் எடுத்தபோது உணர்ந்த கனமும் எனக்குப் போதுமானவையாக இருந்தன. ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு, மழை ஓய்ந்த ஒரு காலைப் பொழுதில், வளைவில் முன்சக்கரம் வழுக்கி விழுந்தேன். வேகம் மிகக் குறைவு. தார்ச்சாலையில் சறுக்கிய தூரம் ஐந்தாறு அடிக்கு மேல் இருக்காது. எழுந்து பார்த்தபோது தோலில் வெளிறிய தேய்ப்புத் தடம் ஒன்று மட்டுமே இருந்தது. ஆனால் தோளும் கையும் சேரும் இடத்தில் தையல் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்து, உள்துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கையில் இருந்திருக்க வேண்டிய பாதுகாப்புத் திண்டு முன்கையின் உட்புறமாகச் சுழன்று போயிருந்ததால், முழங்கை நேராகத் தரையில் மோதி ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

அடுத்த ஜாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டேன். 1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள மாட்டுத்தோலில் தைக்கப்பட்ட அந்த இரண்டாவது ஜாக்கெட்டை இரண்டு ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். முதல் ஜாக்கெட் கிழிந்த இடங்களை மனத்தில் வைத்துக்கொண்டு இதைச் சோதித்த விதத்தையும், இதன் நிறைகுறைகளையும் இங்கே பதிவு செய்கிறேன்.

தையலிலிருந்தே தொடங்குகிறேன். கிழிந்த ஜாக்கெட்டின் தோள் மூட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால், இரண்டு தோல் துண்டுகளையும் இணைத்திருந்தது ஒற்றை வரிசைத் தையல் மட்டுமே என்பது தெரியும். சாலையில் உரசும்போது வெளியே தெரியும் நூல்தான் முதலில் தேய்ந்து அறுகிறது. அது அறுந்த பிறகும் பிடித்துக்கொள்ள உள்ளே மறைவாக இன்னொரு வரிசை இருந்தால்தான் மூட்டு பிரியாது. இப்போதைய ஜாக்கெட்டில் தோள், முழங்கை ஆகிய இரண்டு இடங்களிலும் தோலை மடித்து உள்ளே ஒரு வரிசையும், மடிப்பின் மேல் இரண்டு வரிசைகளும் ஓடுகின்றன. வாங்குமுன் மூட்டின் இருபுறத்தையும் கட்டைவிரல்களால் பிடித்துப் பலமாக இழுத்துப் பார்த்தேன். இடைவெளியில் நூல் ஏணிப்படி போலத் தெரிந்தால் அந்த ஜாக்கெட்டை மாட்டிய இடத்திலேயே விட்டுவிடலாம். நூல் பருத்தியாக இருக்கக் கூடாது, ஏனெனில் அது வியர்வையிலும் ஈரத்திலும் இற்றுப்போகும். நைலான் அல்லது பாலியெஸ்டர் நூல்தான் வேண்டும். தையல் நெருக்கமாக இருந்தால் பலம் என்று நான் நினைத்திருந்ததும் தவறு. ஊசித்துளைகள் அளவுக்கு மீறி நெருங்கினால், தபால்தலைத் தாளைக் கிழிப்பது போலத் தோல் அந்தக் கோட்டிலேயே கிழியும். சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டு முதுகை அலங்கரித்திருக்கும் ஜாக்கெட்டுகளை நான் ஒதுக்கியதற்கும் இதுவே காரணம்: எத்தனை மூட்டுகளோ, அத்தனை பிரியக்கூடிய இடங்கள். முதுகுப்புறம் முழுவதும் ஒரே துண்டாக இருப்பது நல்லது.

தோலைப் பொறுத்தவரை, நாகரிகத்துக்காக அணியும் ஜாக்கெட்டுகள் பெரும்பாலும் 0.6 முதல் 0.8 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். வண்டி ஓட்டுவதற்கான மாட்டுத்தோல் 1.1 முதல் 1.4 வரை இருக்க வேண்டும். கங்காரு தோல் மட்டும் விதிவிலக்கு. அதன் நார்கள் மேற்பரப்புக்கு இணையாகப் படிந்திருப்பதால் 1 மில்லிமீட்டரிலேயே நல்ல உறுதி கிடைக்கிறது. தடிமனைவிட முக்கியமானது, தோலின் எந்த அடுக்கு என்பது. மேற்புறம் சீவப்படாத ஃபுல் கிரெயின் தோலில் நார்கள் இறுகப் பின்னியிருக்கும். அதற்குக் கீழிருந்து பிளந்தெடுத்து மேலே பூச்சு கொடுத்த ஸ்பிளிட் தோல் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் உராய்வில் சீக்கிரம் நைந்துவிடும். பாக்கெட்டின் உள் ஓரத்தில் வெட்டுவாயைப் பார்த்தால் ஓரளவு தெரியும். இரு விரல்களுக்கிடையே தோலை மடித்தும் பார்க்கலாம்: நெருக்கமான மெல்லிய சுருக்கங்கள் விழுந்தால் நல்லது, தளர்ந்த பெரிய மடிப்புகள் விழுந்தால் அது விலங்கின் வயிற்றுப் பகுதியாக இருக்க வாய்ப்புண்டு. என் ஜாக்கெட்டில் முன்பக்கமும் கைகளும் குறை சொல்ல முடியாதவை. இடது அக்குளுக்குக் கீழே மட்டும் அப்படியொரு தளர்ந்த துண்டைச் சேர்த்துவிட்டார்கள். தரையில் படாத இடம் என்பதால் மன்னித்துவிட்டேன்.

விற்பவர்களின் விளம்பரத்தில் என்னை ஏமாற்றிய சொல் 'சி.இ. கவசம்' என்பது (சி.இ. என்பது ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் முத்திரை). முதல் ஜாக்கெட்டிலும் அந்தச் சொல் இருந்தது. தோளிலும் முழங்கையிலும் வைக்கும் திண்டுகள் மட்டும் இ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தரத்தில் தேறியிருந்தன. ஜாக்கெட் எந்தச் சோதனைக்கும் போகவில்லை. ஆடை முழுவதற்குமான தரம் இ.என். 17092, 2020-இல் வெளியானது. இதில் ஏ.ஏ.ஏ., ஏ.ஏ., ஏ, பி, சி எனத் தரப்பிரிவுகள் உண்டு. விழும்போது முதலில் தரையில் படும் பகுதிகளை ஏ.ஏ.ஏ. பிரிவில் மணிக்கு 120 கிலோமீட்டருக்கும், ஏ.ஏ. பிரிவில் 70-க்கும், ஏ பிரிவில் 45-க்கும் ஈடான வேகத்தில் சுழற்றி உராய்த்துப் பார்க்கிறார்கள். பி பிரிவில் திண்டுகளே தேவையில்லை. ஆகவே உள்ளே தைத்த சீட்டில், மோட்டார் சைக்கிள் ஓட்டியின் படத்தருகே எந்த எழுத்து இருக்கிறது என்று படித்த பிறகுதான் அணிந்தே பார்க்க வேண்டும். நான் வாங்கியது ஏ.ஏ. பிரிவு. ஏ.ஏ.ஏ. பிரிவில் பார்த்தவை பந்தயக் களத்துக்கு உரியவையாக, நிமிர்ந்து நடக்கக்கூட விடாதவையாக இருந்தன.

திண்டுகளிலும் இரண்டு நிலைகள் இருக்கின்றன. தோள், முழங்கைத் திண்டுகள் அடியை வாங்கிய பிறகு உடலுக்குக் கடத்தும் விசை முதல் நிலையில் சராசரியாக 35 கிலோ நியூட்டனையும், இரண்டாம் நிலையில் 20-ஐயும் தாண்டக் கூடாது. முதுகுத் திண்டுக்கு (இ.என். 1621-2) அந்த வரம்புகள் முறையே 18, 9. ஆனால் இ.என். 17092-இன் எந்தப் பிரிவிலும் முதுகுத் திண்டு கட்டாயமில்லை என்பதால், பெரும்பாலான ஜாக்கெட்டுகளின் முதுகுப்புற உள்பையில் வெறும் நுரைப்பஞ்சு மட்டுமே இருக்கும். என்னுடையதிலும் அப்படித்தான் இருந்தது. இரண்டாம் நிலைத் திண்டு ஒன்றைத் தனியாக வாங்கிச் செருகிக்கொண்டேன். இவ்வளவு நன்றாகத் தைத்தவர்கள் அந்த இடத்தில் பஞ்சை வைத்து அனுப்பியது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நிலைக்கண்ணாடி முன் நின்று அளவு பார்ப்பதில் பயனில்லை. வண்டியில் அமர்ந்து, கைப்பிடியைப் பிடித்த நிலையில் பார்க்க வேண்டும். அப்போது ஜாக்கெட் கையின் நுனி மணிக்கட்டுக்கு மேல் ஏறக் கூடாது, இடுப்புக்குப் பின்னால் முதுகு தெரியக் கூடாது. 1928-இல் இர்விங் ஷாட் வடிவமைத்த புகழ்பெற்ற ஜாக்கெட்டில் ஜிப் பக்கவாட்டில் சாய்ந்து ஓடுவதற்கும், குனியும்போது வயிற்றில் அது குத்தாமல் இருக்க வேண்டும் என்ற நடைமுறைக் காரணம் சொல்லப்படுகிறது. பின்னாளில் அது வெறும் ஒய்யாரமாக மாறியது வேறு கதை. முழங்கைத் திண்டை மறு கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அது கையைச் சுற்றி நகர்ந்தால், விழும்போது எனக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். புதிதில் ஜாக்கெட் கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே சரி, தோல் சில வாரங்களில் உடலுக்கு இளகிக் கொடுக்கும். இடுப்பில் கால்சட்டையோடு இணைக்கும் ஜிப் சுற்றிலும் ஓடினால் சறுக்கும்போது ஜாக்கெட் மேலே சுருண்டு ஏறாது. என்னுடையதில் பின்புறம் ஒரு சாண் மட்டுமே இருக்கிறது.

திண்டுகளோடு சேர்த்து ஏறத்தாழ மூன்று கிலோ எடை. வண்டி ஓடும்போது மார்பில் துளையிட்ட பகுதி வழியே காற்று புகுகிறது. சிக்னலில் நின்றால் புழுங்குகிறது. மழைக்கு மேலே தனிக் கோட்டு வேண்டும். ஒருமுறை நன்றாக நனைந்தபோது, அகலமான தோள் கொண்ட மாட்டியில் நிழலில் இரண்டு நாள் தொங்கவிட்டு, பிறகு தோலுக்கான கண்டிஷனர் பூசினேன். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ வைத்திருந்தால் தோல் விறைத்து வெடித்திருக்கும். மணிக்கட்டு ஜிப் மிகக் குறுகலாக இருப்பதால், கையுறையின் வாய் உள்ளே போகாமல் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. கையுறையை எடுத்துக்கொண்டு போய்ச் சோதிக்காதது என் பிழை.